484-ஆ, 542-ஆ?

மூணாவது ஹாஸ்டல் பிளாக் வாசல்ல படுத்திருக்கிற பழுப்பு நாயை உங்களுக்குத் தெரியும். பேர் அரியர். ஒரு தடவை பின்னாடி வர ஆரம்பிச்சா கடைசி செமஸ்டர் வரைக்கும் விடமாட்டான் என்பதால் சீனியர்கள் வைத்த பேர். உங்களில் பாதிப் பேர் அவனுக்குப் பரோட்டா போட்டிருப்பீங்க, மீதிப் பேர் இருட்டுல அவன் மேல தடுக்கி விழுந்திருப்பீங்க. போன நவம்பரில் அவனைப் பத்தி ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு சுத்துச்சே, ஞாபகம் இருக்கா? "அரியருக்கு ஹார்ட்வார்ம். தொட்டா நமக்கும் பரவும். யாரும் கிட்ட போகாதீங்க."

இந்த மூன்று வாக்கியத்தில் எது சரி, எது தப்புன்னு கண்டுபிடிக்க எங்களுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு மாதத்தைப் பத்தித்தான் எழுதுகிறேன். நடுவுல கொஞ்சம் பயோடெக் வரும். பயப்படாதீங்க, இதுக்கு இன்டர்னல் மார்க் கிடையாது.

விஷயம் ஆரம்பித்தது ஒரு கருத்தடை ஆபரேஷனில். கேம்பஸ் நாய்களுக்கு வருஷா வருஷம் வெறிநாய்க்கடி தடுப்பூசி போட வைக்கிற எங்க சின்ன குழுவைப் பார்த்திருப்பீங்க. அரியரை டவுனில் இருக்கிற ஒரு கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ஆபரேஷனுக்கு முன்னாடி ரத்தம் எடுத்து ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்துப் பார்த்த டாக்டர், "இங்க வாம்மா, பாரு" என்று மைக்ராஸ்கோப்பை என் பக்கம் திருப்பினார். சிவப்பணுக் கூட்டத்துக்கு நடுவில் கண்ணாடி நூல் மாதிரி ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. அது இடிக்க இடிக்க, சந்தைக் கூட்டத்தில் வண்டி புகுந்த மாதிரி சிவப்பணுக்கள் விலகின. டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "மைக்ரோஃபைலேரியா. ஏதோ ஒரு புழுவோட குட்டி. எந்தப் புழுன்னு இதை வச்சு சொல்ல முடியாது. ஹார்ட்வார்மா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்."

கிளினிக்கில் இருந்து ஹாஸ்டல் வருவதற்குள் கடைசி இரண்டு வார்த்தை எங்கேயோ விழுந்துவிட்டது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பத்து நாளுக்குள் நாயை அப்புறப்படுத்த வேண்டும் என்று ஹாஸ்டல் தரப்பில் சொல்லிவிட்டார்கள். எங்கே அப்புறப்படுத்துவது என்பதற்குப் பதில் இல்லை. 2023-இல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், கருத்தடை செய்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விடணும் என்றுதான் சொல்லியிருந்தன. ஆனால் பயந்து போய் இருக்கிறவங்ககிட்ட விதி எண் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவங்க கேட்டது நியாயமான கேள்விதான்: நாய்க்கு இருக்கிறது என்ன?

ஹார்ட்வார்ம் என்பது டைரோஃபைலேரியா இம்மைட்டிஸ் என்ற புழு. கொசு வழியாகத்தான் வரும். நோய் உள்ள நாயைக் கடித்த கொசுவின் வயிற்றுக்குள் ரத்தத்தோடு சேர்ந்து குட்டிப் புழுக்கள் போகும். நம்ம ஊர் வெயிலுக்கு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அவை அடுத்த நாய்க்குத் தாவத் தயாராகும். அந்தக் கொசு இன்னொரு நாயைக் கடிக்கும்போது உள்ளே இறங்கி, தோலுக்கு அடியில், தசையில் என்று மெதுவாக வளர்ந்து, மூன்று நான்கு மாதத்தில் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாயை எட்டும். அங்கே முழுசா வளர்ந்த பெண் புழு 25 முதல் 30 சென்டிமீட்டர். உங்க ஸ்கேல் நீளம். இதயத்தின் வலது பக்கத்திலும் அதை ஒட்டிய ரத்தக்குழாயிலும் அந்த நீளத்தில் ஒன்றல்ல, சில சமயம் டஜன் கணக்கில் இருக்கும். ஐந்து முதல் ஏழு வருஷம் உயிரோடு இருக்கும். நாய்க்கு முதலில் இருமல், அப்புறம் ஓட முடியாமல் மூச்சு வாங்குவது, கடைசியில் இதயம் நின்றுபோவது.

சரி, மருந்து இல்லையா? இருக்கு, அதுதான் பிரச்சினையே. வளர்ந்த புழுவைக் கொல்ல உலகம் முழுக்கப் பயன்படுத்தும் மருந்து மெலார்சொமின். ஆர்சனிக் சேர்மம். முதுகுத் தசையில் ஆழமாகப் போடும் ஊசி. புழு சாகும், ஆனால் செத்த புழு எங்கே போகும்? துண்டு துண்டாகி ரத்த ஓட்டத்தோடு நுரையீரலில் போய் அடைக்கும். அதனால் சிகிச்சை நடக்கிற மாதங்கள் முழுக்க நாயை ஓடவிடாமல், குதிக்கவிடாமல், ஒரே இடத்தில் வைத்திருக்கணும். மெஸ் மணி அடித்தால் நாலு கால் பாய்ச்சலில் வருகிற அரியரை எங்கே கட்டிப் போடுவது? தெருநாய்க்கு அந்தச் சிகிச்சை பெரிய ரிஸ்க். புழு இருந்தால் ரிஸ்க் எடுத்துத்தான் ஆகணும். இல்லாத புழுவுக்கு ஆர்சனிக் ஊசி போடுவதை நினைத்துப் பாருங்க.

இங்கேதான் இரண்டாவது ஆள் வருகிறார். டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ். அதே குடும்பம், அதே கொசு வழி, ரத்தத்தில் அதே மாதிரி நெளியும் குட்டிகள். ஆனால் வளர்ந்த புழு இதயத்துக்குப் போகாது. தோலுக்கு அடியில் குடியிருக்கும். பல நாய்களுக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது, சிலதுக்கு அரிப்பு, சின்னச் சின்ன கட்டி. இந்தியாவில் இம்மைட்டிஸ் அதிகம் பதிவாகியிருப்பது வடகிழக்கு மாநிலங்களில். கேரளா, தமிழ்நாடு பக்கம் நாய் ரத்தத்தில் அதிகம் கிடைப்பது இந்த ரெப்பென்ஸ். இலங்கையிலும் இதுதான். போதாக்குறைக்கு மூன்றாவதாக அகாந்தோகீலோனீமா ரெகோண்டிட்டம் என்று ஒரு புழு இருக்கிறது. தெள்ளுப்பூச்சி வழியாக வரும், பெரிய தீங்கு செய்யாது. பேர்தான் அதோட ஒரே கெடுதல்.

ஆக ஸ்லைடில் நெளிந்தது மூன்று பேரில் யார் வேண்டுமானாலும் இருக்கலாம். ஊர் நிலவரத்தை வைத்து "ரெப்பென்ஸாத்தான் இருக்கும்"னு சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அரியர் எங்கே பிறந்தான், யார் கொண்டுவந்து விட்டார்கள் என்று நமக்குத் தெரியாது. "இருக்கும்" என்ற வார்த்தையை வைத்து ஹாஸ்டல் அலுவலகத்துக்குக் கடிதம் எழுத முடியாது. டாக்டராலும் மருந்து எழுத முடியாது.

பழைய முறை ஒன்று இருக்கிறது. நாட் டெஸ்ட். ஒரு மில்லி ரத்தத்தை 2 சதவீத ஃபார்மலினில் கலந்தால் சிவப்பணுக்கள் உடைந்துவிடும். அதைச் சுழற்றி, அடியில் தங்கும் குட்டிகளுக்கு மெத்திலீன் நீலம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் நீளம் அளப்பது. இம்மைட்டிஸ் குட்டி சுமார் 300 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கம்மி. ரெப்பென்ஸ் பெரும்பாலும் அதைவிட நீளம். தலை எப்படி, வால் எப்படி என்றும் பார்க்கணும். படத்தில் பார்த்தால் சுலபம். நிஜத்தில் நெளிந்து மடங்கிச் சுருண்டு கிடக்கும் நூலை அளக்க அனுபவம் வேண்டும். நானும் என் லேப் பார்ட்னரும் ஒரே புழுவை அளந்தோம், இரண்டு பேருக்கும் வெவ்வேறு எண் வந்தது.

அடுத்தது ஆன்டிஜன் கிட். கோவிட் சமயத்தில் மூக்கில் குச்சி விட்டு வீட்டிலேயே பார்த்தோமே, அதே மாதிரி கோடு வருகிற சின்ன பிளாஸ்டிக் பட்டை. வளர்ந்த பெண் ஹார்ட்வார்ம் வெளியிடும் ஒரு புரதத்தை இது ரத்தத்தில் தேடும். அரியருக்கு ஒரே கோடுதான் வந்தது. நெகட்டிவ். குழுவில் எல்லாரும் கை தட்டினார்கள். டாக்டர் தட்டவில்லை. ஆண் புழுக்கள் மட்டும் இருந்தால் இந்த கிட் பிடிக்காது. தொற்று வந்து ஐந்தாறு மாதம் ஆகாவிட்டால் பிடிக்காது. நாயின் சொந்த எதிர்ப்புப் புரதங்கள் அந்த ஆன்டிஜனை மூடிக்கொண்டாலும் பிடிக்காது. இதில் முதல் இரண்டும் அரியருக்கு முழுசாகப் பொருந்தாது. குட்டி இருக்கிறது என்றால் பெண் புழுவும் இருந்திருக்கணும், தொற்றும் ஆறு மாதம் தாண்டியிருக்கணும். மூன்றாவது காரணத்தை மட்டும் தள்ள முடியவில்லை. அதனால்தான் பேச்சு டிஎன்ஏ பக்கம் திரும்பியது.

இதைப் படிக்கிற சிஎஸ்இ மக்களுக்காக ஒரு நிமிஷம். பிசிஆர் என்பது அடிப்படையில் ஒரு கண்ட்ரோல் எஃப். ஒரு பெரிய ஃபைலில் நீங்கள் தேடுகிற சரத்தின் ஆரம்பமும் முடிவும் மட்டும் உங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு துண்டுகள்தான் பிரைமர். 95 டிகிரியில் டிஎன்ஏவின் இரண்டு இழையும் பிரியும், சூட்டைக் குறைத்தால் பிரைமர் தன் இடத்தைத் தேடி ஒட்டும், 72 டிகிரியில் ஒரு நொதி நடுவில் இருப்பதைக் காப்பி எடுக்கும். திரும்ப 95. ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பு. 30 சுற்று ஓடினால் ஒன்று, கணக்குப்படி, 107 கோடி ஆகும். 95 டிகிரியில் வேகாத அந்த நொதி அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் வாழும் ஒரு பாக்டீரியாவில் கிடைத்தது. கேரி முல்லிஸ் இந்த முறையை யோசித்தது 1983-இல், நோபல் வாங்கியது 1993-இல்.

நாய் ரத்தத்தில் இருப்பது பெரும்பாலும் நாயின் டிஎன்ஏ. அதில் புழுவுடையதை மட்டும் எடுக்கணும், அதிலும் எந்தப் புழு என்று பிரிக்கணும். இதற்கு 2006-இல் வெளிவந்த ஒரு முறை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. ரைபோசோம் ஜீன்களுக்கு நடுவில் ஐடிஎஸ் 2 என்று ஒரு இடைவெளிப் பகுதி இருக்கிறது. அதன் இரண்டு கரையிலும் இருக்கிற ஜீன்கள் இந்தப் புழுக் குடும்பம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி. அதனால் ஒரே ஜோடி பிரைமர் எல்லாப் புழுவிலும் ஒட்டும். ஆனால் நடுவில் உள்ள இடைவெளியின் நீளம் ஒவ்வொரு புழுவுக்கும் வேறு. கிடைக்கும் துண்டு 542 எழுத்து என்றால் இம்மைட்டிஸ். 484 என்றால் ரெப்பென்ஸ். 578 என்றால் அந்தப் பேர் பெரிய ரெகோண்டிட்டம். மூன்று வெவ்வேறு டெஸ்ட் வேண்டாம், ஒரு டெஸ்ட், ஒரு நீளம், பதில் வந்துவிடும். ஒரே பாலத்தின் இரண்டு முனையில் நின்றுகொண்டு எந்த ஆறு என்று அகலத்தை வைத்துச் சொல்கிற மாதிரி.

எங்க டிபார்ட்மென்டில் தெர்மோசைக்ளர் இருக்கிறது. ஆனால் கையில் மெஷின் இருந்தால் மட்டும் போதாது. மேடம் முதல் நாளே கேட்டாங்க: "உங்க பேண்டை எதோட ஒப்பிடப் போறீங்க?" உண்மையான இம்மைட்டிஸ் டிஎன்ஏவும் உண்மையான ரெப்பென்ஸ் டிஎன்ஏவும் பக்கத்தில் ஓடினால்தான் நம்முடையதை நம்ப முடியும். ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஒட்டுண்ணியியல் துறைக்கு மேடம் எழுதிக் கேட்டு, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கித் தந்தாங்க. ஐஸ் பெட்டியில் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட் அம்மா மீனான்னு கேட்டாங்க.

ரத்தத்தை மாலையில் எடுத்தோம். இந்தக் குட்டிகள் நாள் முழுக்க ஒரே எண்ணிக்கையில் ரத்தத்தில் சுற்றாது. கொசு கடிக்க வருகிற நேரத்தில் மேலே வரும். யானைக்கால் நோய்க்கு ரத்தம் எடுக்க சுகாதாரத் துறை ஆட்கள் ராத்திரியில்தான் வருவாங்கன்னு உங்க தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீங்க. காரணம் இதேதான். யானைக்கால் புழுவும் இந்தக் குடும்பத்துச் சொந்தக்காரர்தான். ஊதா மூடி போட்ட டியூப்தான் வேண்டும், ஹெப்பாரின் போட்ட டியூப் கூடாது, அது பிசிஆரைக் கெடுத்துவிடும்.

முதல் ஜெல் ஓடிய அன்றைக்கு லேபில் ஆறு பேர் நின்றோம். யூவி வெளிச்சத்தில் ஆரஞ்சு கோடுகள். இம்மைட்டிஸ் கன்ட்ரோல் ஜொலித்தது. ரெப்பென்ஸ் கன்ட்ரோல் ஜொலித்தது. தண்ணீர் மட்டும் போட்ட குழி இருட்டாக இருந்தது, இருக்கவும் வேண்டும். அரியருடைய குழியும் இருட்டு.

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருத்தி, "அப்போ எந்தப் புழுவும் இல்லையா?" என்றாள். மேடம் சிரித்துவிட்டு, "அப்போ ஸ்லைடுல நீந்தினது யாரு?" என்றார்கள்.

எனக்கு அந்தக் கேள்வி ரொம்ப நாள் மனசில் நிற்கும். டெஸ்ட் நெகட்டிவ் என்பதற்கு "இல்லை" என்று மட்டும் அர்த்தம் கிடையாது. "எனக்குத் தெரியவில்லை" என்றும் அர்த்தம் இருக்கலாம். ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீம் என்ற பொருள் டிஎன்ஏ பிரித்தெடுக்கும்போது கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். அது பிசிஆர் நொதியை வேலை செய்யவிடாது. இதற்கு ஒரு வேடிக்கையான வைத்தியம் உண்டு: இன்னும் கம்மியாகப் போடுவது. மறுநாள் அதே டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்துப் போட்டோம். புழு டிஎன்ஏ பத்தில் ஒரு பங்காகக் குறையும், ஹீமும் அதே அளவு குறையும். டிஎன்ஏவுக்கு இரட்டிப்பு இருக்கிறது, ஹீமுக்கு இல்லை.

2 சதவீத அகரோஸ், குறைந்த வோல்டேஜ், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். அவசரப்பட்டால் 58 எழுத்து வித்தியாசம் பிரிந்து தெரியாது. ஓரத்தில் ஓடும் அளவுகோலில் 500 என்று ஒரு கோடு இருக்கும். எங்க அதிர்ஷ்டம், கேள்வியே அந்தக் கோடுதான். மேலே நின்றால் ஆர்சனிக். கீழே நின்றால் வேறு கதை.

கீழே நின்றது. ரெப்பென்ஸ் கன்ட்ரோலுக்கு நேர் பக்கத்தில், ஸ்கேல் வைத்த மாதிரி.

மேடம் அதோடு விடவில்லை. ஜெல்லில் நீளம் மட்டும்தான் தெரியும், எழுத்து தெரியாது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்து சீக்வென்சிங்குக்கு அனுப்பினோம். குழுவில் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுத்தான் கட்டணம் கட்டினோம், அந்த வாரம் கேன்டீன் அண்ணா எங்களைப் பார்த்திருக்க மாட்டார். வந்த எழுத்துகளைப் பிளாஸ்ட் தேடலில் போட்டபோது மேலே வந்த பேர் எல்லாம் டைரோஃபைலேரியா ரெப்பென்ஸ்.

இந்த இடத்தில் டிஎன்ஏ டெஸ்ட்டுக்குக் கோயில் கட்டிவிட ஆசை வரும். கட்டாதீங்க. இந்த டெஸ்ட் பார்ப்பது ரத்தத்தில் மிதக்கும் குட்டிகளின் டிஎன்ஏவை. இதயத்தில் வளர்ந்த புழு உட்கார்ந்திருந்தாலும், குட்டி போடாத நிலையில் இருந்தால், ரத்தக் குழாயில் ஊசி குத்தி எடுக்கும் சொட்டில் அதன் டிஎன்ஏ சிக்காமல் போகலாம். ஒரே பாலினப் புழுக்கள் இருந்தால், அல்லது மாதாந்திர தடுப்பு மாத்திரை குட்டிகளை மட்டும் அழித்திருந்தால், அப்படி நடக்கும். அந்த இடத்தில் ஜெயிப்பது ஆன்டிஜன் கிட்தான், பெண் புழு இருக்கிற வரைக்கும். இன்னொரு சிக்கல், ஒரு நாய்க்கு இரண்டு புழுவும் சேர்ந்தே இருக்கலாம். ஒன்றின் குட்டிகள் ஏகப்பட்டது இருந்தால் அதன் டிஎன்ஏதான் பிசிஆரில் முந்திக்கொள்ளும், மற்றதன் கோடு மங்கிப் போகலாம். நம்ம ஆள் விஷயத்தில் 542 பக்கம் நிழல்கூட இல்லை, ஆன்டிஜனும் நெகட்டிவ். அதனால் டாக்டர் சொன்னது: "ரெப்பென்ஸ்னு வச்சு வைத்தியம் பண்ணலாம். ஆறு மாசம் கழிச்சு ஆன்டிஜனை இன்னொரு தடவை பாத்துடுவோம்." ஒரு டெஸ்ட் மட்டும் பார்த்திருந்தால், அது எதுவாக இருந்தாலும், இந்த வாக்கியம் அவரால் சொல்ல முடிந்திருக்காது.

வைத்தியம் டாக்சிசைக்ளினும் ஐவர்மெக்டினும். முகப்பருவுக்குக் கொடுப்பாங்களே, அதே டாக்சிசைக்ளின். புழுவுக்கு எதுக்கு ஆன்டிபயாட்டிக்னு நானும் கேட்டேன். இந்தப் புழுக்களின் உடம்புக்குள் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா குடித்தனம் நடத்துகிறது. அது இல்லாமல் புழுவால் சரியாக இனப்பெருக்கம் செய்ய முடியாது. வாடகைக்காரனைக் காலி பண்ணினால் வீட்டுக்காரன் படுத்துவிடுகிற அமைப்பு. ஐவர்மெக்டின் கதை இன்னும் பெரிசு. ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணில் சத்தோஷி ஓமுரா பிரித்தெடுத்த நுண்ணுயிரில் இருந்து வந்தது. அவருக்கும் வில்லியம் கேம்ப்பெலுக்கும் 2015 மருத்துவ நோபலில் பங்கு கிடைத்தது. 1987-இல் அமெரிக்காவில் நாய்களுக்கான மாதாந்திர ஹார்ட்வார்ம் தடுப்பு மாத்திரையாக வந்ததும் இதுதான், ஆப்பிரிக்காவில் மனிதர்களின் ஆற்றுக் குருட்டு நோய்க்கு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்ததும் அதே வருஷம் இதுதான்.

ஆனால் தயவுசெய்து மாட்டுக்கு வாங்கின ஐவர்மெக்டின் பாட்டிலைப் பார்த்து உங்க வீட்டு நாய்க்கு நீங்களே ஊசி போடாதீங்க. ரத்தத்தில் குட்டிகள் நிறைய இருக்கும்போது ஒரேயடியாகக் கொன்றால் நாய் அதிர்ச்சியில் விழலாம். கோலி மாதிரி சில இனங்களில் எம்டிஆர் 1 என்ற ஜீனில் நாலே நாலு எழுத்து விடுபட்டிருக்கும். அந்த ஜீன் செய்யும் புரதம்தான் மருந்து மூளைக்குள் போகாமல் வெளியே தள்ளும் வாட்ச்மேன். வாட்ச்மேன் இல்லாத நாய்க்கு அதிக அளவு ஐவர்மெக்டின் போனால் கோமா வரைக்கும் போகும். ஆக இந்த வைத்தியத்தில் புழுவின் ஜீனைப் பார்க்கிற மாதிரி, சில நாய்களில் நாயின் ஜீனையும் பார்க்க வேண்டியிருக்கிறது. அரியர் ஊர் நாய். இருந்தாலும் டாக்டர் எடை பார்த்து, அளந்துதான் கொடுத்தார்.

ஃபார்வர்டின் இரண்டாவது வாக்கியத்துக்கு வருகிறேன். தொட்டால் பரவாது. நக்கினால் பரவாது. ரத்தம் பட்டால்கூட, ரத்தத்தில் இருக்கும் குட்டி கொசுவுக்குள் இரண்டு வாரம் வளராமல் யாருக்கும் தொற்றாது. ஆனால் "மனுஷனுக்கு வரவே வராது"ன்னு சொன்னால் அது பொய். கொசு வழியாக ரெப்பென்ஸ் மனிதருக்கும் வரும். கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கண்ணின் வெள்ளைப் படலத்துக்கு அடியில் இருந்து டாக்டர்கள் இந்தப் புழுவை உயிரோடு எடுத்த பதிவுகள் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரே ஒரு புழு, நம்ம உடம்பில் அது முழுசாக வளர்ந்து பெருகுவது அபூர்வம், எடுத்துவிட்டால் சரியாகிவிடும். கேட்க அருவருப்பாக இருக்கும், தெரியும். ஹாஸ்டலுக்கு எழுதின கடிதத்தில் இதை மறைக்கலாமா என்று குழுவில் அரை மணி நேரம் சண்டை. வேண்டாம், எழுதுவோம் என்று முடிவானது. நல்ல செய்தியை மட்டும் சொல்லிவிட்டு, நாளைக்கு யாராவது கூகுள் பண்ணிக் கண்டுபிடித்தால் ஜெல் போட்டோவையும் சேர்த்து நம்பமாட்டாங்க.

கடிதத்தில் நாங்கள் சொன்ன வாதம் இது: நாயை அப்புறப்படுத்தினால் கொசு போகாது. பக்கத்துத் தெருவில் இருக்கிற நாய்களுக்கும் இதே புழு இருக்கலாம், கொசுவுக்கு காம்பவுண்ட் சுவர் கிடையாது. வைத்தியம் முடிந்து ரத்தத்தில் குட்டி இல்லாத நாய் இங்கே இருப்பதும், மெஸ் பின்னாடி தேங்குகிற கழிவு நீர் வடிவதும்தான் எல்லாருக்கும் பாதுகாப்பு. அந்த வாய்க்காலில் க்யூலெக்ஸ், மூடி உடைந்த மொட்டை மாடி டேங்கில் ஏடிஸ். இரண்டுமே இந்தப் புழுவைச் சுமக்கக்கூடியவை, டெங்குவைப் பத்தி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பதில் வர ஒரு வாரம் ஆனது. அரியர் இருக்கலாம், கழுத்துப் பட்டையும் தடுப்பூசி அட்டையும் கட்டாயம் என்றார்கள். டேங்க் மூடி மாற்றிவிட்டார்கள். வாய்க்கால் வேலை இன்னும் ஆரம்பிக்கவில்லை, நாங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஈசிஈ, மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு விஷயம். லாம்ப் என்று ஒரு முறை 2000-இல் ஜப்பானில் இருந்து வெளிவந்தது. பிசிஆர் மாதிரி சூடு ஏற்றி இறக்க வேண்டாம், 60 முதல் 65 டிகிரியில் ஒரே சூட்டில் வைத்திருந்தால் டிஎன்ஏ பெருகும், நிறம் மாறுவதை வைத்தே பதில் சொல்லலாம். தெர்மோசைக்ளர் இல்லாத கிராமத்துக் கால்நடை மருந்தகத்தில் இது ஓடும். ஒரே வெப்பநிலையை ஒரு மணி நேரம் ஆடாமல் பிடிக்கிற, பேட்டரியில் ஓடுகிற ஒரு சின்ன பெட்டிதான் வேண்டும். ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இன்னொரு லைன் ஃபாலோயர் ரோபோ செய்யப் போகிறவர்கள் ஒரு தடவை எங்க லேபுக்கு வந்துவிட்டுப் போங்க.

ஜனவரியில் எடுத்த ரத்தத்தில் ஸ்லைடில் எதுவும் நெளியவில்லை. பிசிஆரிலும் கோடு இல்லை. இந்தத் தடவை வெறும் இருட்டை நம்பாமல், நாயின் சொந்த ஜீன் ஒன்றுக்கும் பிரைமர் போட்டு ஓட்டினோம். அது பளிச்சென்று வந்தது, ஆக ரத்தத்தில் இருந்து எடுத்த டிஎன்ஏ நன்றாக இருக்கிறது, ஹீம் தடுக்கவில்லை, நிஜமாகவே புழு இல்லை. அரியர் ஒன்றரை கிலோ ஏறியிருக்கிறான். அதற்கு வைத்தியம் காரணமா, உங்க பரோட்டா காரணமான்னு பிரிக்க எங்ககிட்ட டெஸ்ட் இல்லை.

இரண்டாவது ஆன்டிஜன் டெஸ்ட் மே மாதம். அப்போது செமஸ்டர் லீவு, ஹாஸ்டல் காலி. ஊசியைப் பார்த்தால் அவன் ஒரு ஆளை நம்பமாட்டான். முன்னாடி ஒருத்தர் தலையைப் பிடிக்கணும், பின்னாடி ஒருத்தர் பேசிக்கொண்டே இருக்கணும். உள்ளூர் டே ஸ்காலர்கள் இரண்டு பேர் வேண்டும். பயோடெக் இரண்டாவது மாடி நோட்டீஸ் போர்டில் பேர் எழுத ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம்.